சீனாக்காரன் சொல்லாத பத்தியம்

எனக்கு ஈரல் கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்ததும் ஊரில் பாதிப்பேர் என் வீட்டுக்காரரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலூகாவில் ஈரல் என்றால் கள், கள் என்றால் ஈரல். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களில் பலர் மரத்தைக் கள்ளுக்கு விட்டவர்கள்தான். புருஷனுக்கு வர வேண்டியது பெண்டாட்டிக்கு எப்படி வந்தது என்று அவர்களுக்கு ஒரே குழப்பம். தைரியமான ஒருத்தி பால் ஊற்ற வந்தபோது நேராகவே கேட்டாள்: "ஏனுங்கக்கா, நீங்களுமா?" நான் அவள் பாலில் லாக்டோமீட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அட, இதுல கொஞ்சம் பாலும் இருக்குது" என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

நான் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் செக்ரட்டரி. கள்ளை மோந்துகூடப் பார்த்ததில்லை. இதை எழுதுவது யாருக்கும் புத்தி சொல்வதற்காக அல்ல. சொன்னால் கேட்கிற ஊரும் அல்ல இது. ஆனால் இன்றைக்கும் யாராவது சொசைட்டி ஜன்னலில் நின்று, "அந்தச் சீன மருந்து எங்கீங்க கெடைக்குது?" என்று என்னிடமே கேட்கிறார்கள். ஒவ்வொருவரையும் நிறுத்தித் திட்ட எனக்கு இப்போது தெம்பில்லை. எழுதி வைத்துவிட்டால் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம்.

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்று பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கத்தி வைப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில்தான் மாட்டினேன். ஹெபடைடிஸ் பி என்றார்கள். அது ஒரு கிருமி. ரத்தத்தில் இருந்துகொண்டு ஈரலைக் கெடுக்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, வருஷக்கணக்கில் சத்தமே இருக்காது. பிறகு விலாவில் ஒரு கருவியை வைத்துத் தட்டித் தட்டி ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அது சொல்லுமாம். என்னுடையது நன்றாகவே இறுகியிருந்தது. அடிபட்ட இடத்தில் தழும்பு விழுகிற மாதிரி ஈரல் முழுக்கத் தழும்பு விழுவதற்குச் சிரோசிஸ் என்று பெயர். அதில் முதல் படியில் நின்றிருந்தேன்.

ஈரல் டாக்டர் திருச்சூர்க்காரர், சின்ன வயது. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். "இது சாப்பாட்டுல பகராது அம்மா, எச்சில்ல பகராது. வீட்டில உள்ளவங்க டெஸ்ட் எடுக்கணும், ஊசி போடணும். அம்மாவுக்குத் தினம் ஒரு மாத்திரை. கிருமி உறங்கிக் கிடக்கும். எழுப்பான் பாடில்ல, எழுப்பக்கூடாது" என்றார். எத்தனை நாளைக்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "ஆயுசு முழுக்க" என்றார் டாக்டர். வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று.

அவருக்கும் என் மகள் கவிதாவுக்கும் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். நாத்தனார் மட்டும் வந்தபோதெல்லாம் எனக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்தாள். பரவாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அவரு சொல்லுவாருங்க, அவுரென்ன நம்மூட்லயா தண்ணி குடிக்கறாரு" என்றாள். அவளோடு என்ன பேசுவது.

மாத்திரையால் நான் நன்றாகத்தான் இருந்தேன். ரத்தத்தில் கிருமி காணாமல் போகிற அளவுக்குக் குறைந்தது. காலையும் மாலையும் சொசைட்டியில் நின்று பால் அளந்தேன், ஆட்களைத் திட்டினேன், ஆபீசரோடு சண்டை போட்டேன். எல்லாம் பழையபடி நடந்துகொண்டிருந்தபோதுதான் என் அண்ணன் தங்கவேலு வந்து சேர்ந்தான்.

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு மூத்தவன், பக்கத்து ஊரில் தோப்பு வைத்திருக்கிறான். கொங்கு நாட்டில் எந்தப் பைத்தியக்காரத்தனம் கிளம்பினாலும் முதலில் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஈமு கோழி வளர்த்தான். காந்தப் படுக்கை விற்றான். ஏதோ ஒரு பழச்சாற்றைக் குடித்தால் மூட்டு வலி போகும் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தபோது, அவன் மூட்டு வலிக்கு அவன் பெண்டாட்டி மறைவாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் யாரையும் ஏமாற்றுகிறவன் அல்ல. ஏமாற்றுகிறவனுக்கு ஒரு அறிவாவது இருக்கும். இவன் எல்லாவற்றையும் மனசார நம்புகிறவன்.

"ஆயுசுக்கும் மாத்திரையா தின்னுவ அம்மிணி? அது மருந்தா, தண்டனையா?" என்றான். "சீனாவுல ஈரலுக்குன்னே வேரு, பட்டையெல்லாம் இருக்குது. ஆயிரக்கணக்கான வருசத்து வைத்தியம். பொள்ளாச்சியில நம்மாளு ஒருத்தர் கொண்டாந்து குடுக்கறாரு."

"சீனாக்காரனுக்குப் பொள்ளாச்சியில என்ன வேலை?" என்றேன்.

"போயித்தான் பாக்கலாமே" என்றார் என் வீட்டுக்காரர். ஆயுசு முழுக்க என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்தே அவருக்கு மனசு சரியில்லை. அவருக்காகப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் மாத்திரையிடமிருந்து விடுதலை கிடைக்கும் என்றால் எனக்கும் கசக்கவில்லை.

பொள்ளாச்சியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடி அறை. சுவரில் டிராகன் படம், ஈரல் படம். வைத்தியர் என்று உட்கார்ந்திருந்தவர் சீனாக்காரர் அல்ல, கோட்டு போட்ட உடுமலைக்காரர். சீனாவுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். எல்லாம் ஆன்லைனிலேயே படித்தாராம். என் இரண்டு கையிலும் மாற்றி மாற்றி நாடி பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணை மூடி யோசித்தார்.

"உங்களுக்கு ஈரல்ல கோவம் தங்கியிருக்குதுங்க. சீன வைத்தியத்துல கோவத்துக்கு ஈரல்தானுங்க ஊடு" என்றார்.

என் வீட்டுக்காரர் முகத்தில் அன்றைக்கு வந்த தெளிவை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. கட்டிய நாளிலிருந்து இருந்த சந்தேகம் ஒன்று தீர்ந்துபோன மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அண்ணனும் ஆட்டினான். "அப்ப என்னையக் கட்டிக் குடுத்த நாள்லருந்தே எனக்கு இந்த வியாதி" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மருந்து பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தார். கறுப்பாக வேர்த் துண்டுகள், பட்டை, காய்ந்த பூ மாதிரி ஏதோ, கூடவே ஒரு பொடி. நாலு டம்ளர் தண்ணீரை ஒன்றாகச் சுண்டவைத்துக் குடிக்க வேண்டும். புறப்படும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்: "பத்தியம் என்னங்க?"

"பத்தியமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எப்பவும் போலச் சாப்புடுங்க" என்றார் கோட்டுக்காரர்.

இந்த ஒரு பதில்தான் வரும் வழியெல்லாம் இரண்டு ஆண்பிள்ளைகளையும் அரித்தது. பத்தியம் இல்லாமல் ஒரு மருந்தா? எங்கள் பக்கத்தில் மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிற ஆள்கூட, மருந்தைச் சொல்வதற்கு முன்னால் பத்தியத்தைத்தான் சொல்வான். பத்தியம் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு மருந்தின் மேல் மரியாதை. "அவரு மறந்திருப்பாருங்க மாப்ள" என்றான் அண்ணன். "மருந்துன்னா பத்தியம் இல்லாம எப்பிடிங்க?" கேரள எல்லையில் கோபாலபுரம் தாண்டுவதற்குள் இரண்டு பேருமாகச் சேர்ந்து காருக்குள்ளேயே பத்தியத்தைத் தயார் செய்துவிட்டார்கள். புளி கூடாது. கத்திரிக்காய், பூசணி, கோழி, மீன் கூடாது. உப்பு பாதி. எண்ணெய்க் குளியல் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது. ஒரு வயிற்றில் இரண்டு மருந்து சேர்ந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

அப்படித்தான் என் மாத்திரை அலமாரிக்குப் போனது. கோட்டுக்காரர் சொல்லவில்லை. சீனாவில் எவனும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பழக்கம் சொன்னது, நாங்கள் கேட்டோம். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் பார்த்த உடனேயே சொல்கிற நான், என்ன வேர் என்றுகூடக் கேட்காமல் அந்தக் கஷாயத்தைக் குடித்தேன். மிஞ்சியதை ஒரு நாள் எருமைத் தொட்டியில் ஊற்றினேன். எருமை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வீட்டில் அதற்கு மட்டும்தான் சுய புத்தி இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரும் எனக்காக அந்தப் பத்தியம் இருந்தார். புளிக்குழம்பு இல்லாவிட்டால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற மனுஷன், உப்புச் சப்பில்லாத பாசிப்பருப்பையும் சோற்றையும் பிசைந்து என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அந்த அன்பை நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்குகிறது. அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே தட்டில்தான் இருந்தன.

அண்ணன் வாரம் தவறாமல் வந்து என் முகத்தை உற்றுப் பார்ப்பான். "ஒரு களை வந்திருக்குது பாருங்க" என்பான். சில மாதங்களில் நிஜமாகவே வந்தது, மஞ்சள் களை. ஒன்றுக்குப் போனால் பால் விடாத கட்டன்சாயா நிறம். சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். காலில் வீக்கம், சேலைக் கொசுவம் சொருக முடியாமல் வயிறு உப்பியது. அதற்கும் அவனிடம் பதில் இருந்தது: "மருந்து வேலை செய்யுது அம்மிணி. உள்ள இருக்கற கெட்டதெல்லாம் வெளிய வருது." கடைசியில் ஒரு நாள் சொசைட்டியில் பால் அளந்துகொண்டிருந்தபோது கேனைப் பிடித்தபடியே கீழே விழுந்தேன். அண்ணன்தான் காரில் தூக்கிப் போட்டுப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோனான்.

டாக்டர் என் கண்ணை விரித்துப் பார்த்தார். "மாத்திரை?" என்றார்.

"சீன வைத்தியம் பாக்கறமுங்க, அதுக்குப் பத்தியம்னு நிறுத்தியிருக்கறமுங்க" என்றார் வீட்டுக்காரர்.

"ஆரு சொன்னது நிறுத்தச் சொல்லி? அந்தச் சீன வைத்தியரா?"

"இல்லீங்க. நாங்களேதானுங்க."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னார்: "சீனாவில இந்த வியாதிக்காரங்க நிறைய உண்டு. அங்க ஆஸ்பத்திரியில கஷாயம் கொடுக்கிறதும் உண்டு. பட்சே அவங்களும் இதே மாத்திரைதான் சாப்பிடறாங்க அம்மா. கஷாயத்துக்காக இதை நிறுத்தமாட்டாங்க."

சீனாக்காரனே விழுங்குகிற மாத்திரையை நிறுத்திவிட்டுச் சீன மருந்து குடித்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு சிரித்தால் எப்படி வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மாத்திரையை நிறுத்தியதால் கிருமி எழுந்துகொண்டது. அந்த வேரும் பட்டையும் தன் பங்குக்கு ஈரலைக் கெடுத்ததா என்றால், கெடுத்திருக்கலாம். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால் டாக்டருக்கும் தெரியாது. ஈரல்தான் ரத்தம் உறைவதற்கு வேண்டியதைச் செய்கிறதாம். ஈரல் படுத்துவிட்டால் ரத்தம் உறைய நேரமாகும். அதை அளக்கிற எண் ஒன்று உண்டு, ஐஎன்ஆர் என்பார்கள். அது ஏறிக்கொண்டே போனால் கொச்சிக்குப் போக வேண்டும், வேறு ஈரல் வைக்க வேண்டும், யாராவது சொந்தத்தில் தன் ஈரலில் ஒரு பங்கை அறுத்துத் தர வேண்டும். மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார்கள்.

"எனக்கும் அம்மாவுக்கும் ஒரே குரூப்பு. நான் தர்றேன்" என்றாள் கவிதா. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அவள் மாமியார் ஆரஞ்சுப் பையோடு நின்றிருந்தார். நல்ல மனுஷி. எனக்கு உரிக்க எடுத்த பழத்தை அப்படியே பைக்குள் திருப்பிப் போட்டுவிட்டார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, வயது வேறு. அவரை முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சாவு பயம் போய்விட்டது, வேறு பயம் வந்துவிட்டது. என் பெண்ணைப் படுக்கவைத்து வயிற்றைக் கிழித்துவிடுவார்களே என்ற பயம். நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. என் ஈரலோடுதான் பேசினேன். இந்தத் தடவை மட்டும் மானத்தைக் காப்பாற்று, உனக்கு வேண்டிய மாத்திரையை ஒரு நாள் விடாமல் போடுகிறேன் என்று கெஞ்சினேன்.

அந்த நாட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றில் ஊசி குத்திக் கேன் கேனாகத் தண்ணீர் எடுத்தார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டு, உள்ளே நரம்பு புடைத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பாகு மாதிரி ஒரு இனிப்பு மருந்து கொடுத்தார்கள். அது குடித்தால் கழிவறையிலேயே குடியிருக்க வேண்டியதுதான். வயிற்றில் சேர்கிற நஞ்சை ஈரல் வடிகட்டாவிட்டால் அது மூளைக்கு ஏறிப் புத்தி தடுமாறுமாம். அதைக் கீழே இறக்கத்தான் அந்தப் பாகு. புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கோட்டயத்து நர்ஸ் அடிக்கடி வந்து கேட்பாள்: "சேச்சி, இன்னு எந்தா திவசம்? இது எவிடெயா?"

"இது ஆஸ்பத்திரி. இன்னிக்கு வெள்ளிக்கெழமை. நேத்து நீ போட்ட ஊசி இன்னும் வீங்கிக் கெடக்குது" என்பேன்.

"சேச்சிக்கு ஓர்மையொக்கெ நல்லா உண்டு" என்று என் ஞாபகத்துக்கு நல்ல பேர் எழுதிக்கொண்டு போவாள்.

பார்க்க வருகிறவர்களின் அக்கிரமம்தான் வியாதியைவிடப் பெரிது. கட்டிலில் என் காலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். சீன மருந்து குடித்து இந்தக் கதியில் கிடக்கிறவளிடம், அடுத்த மருந்தைச் சொல்வார்கள். ஒருவர் குனிந்து ரகசியமாகச் சொன்னார்: இடுக்கியில் ஆனைக்கரைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குள் ஒருத்தர் இருக்கிறாராம், ஒரே வேளைதான் மருந்தாம், ஆனால் பத்தியம் மட்டும் கடுமையாம். என் வீட்டுக்காரர் எழுந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு விருந்தாளியைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

வராதவன் அண்ணன் ஒருத்தன்தான். சேர்த்த அன்றோடு சரி. கவிதாவுக்கு ரத்தம் எடுக்கிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள், அவனைக் காணோம். "அவுருக்குத் தோப்புல ஏதோ வேலையாமா" என்றார் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல். ஈரல் மருந்து கொண்டுவர மட்டும் ஆள் இருக்கிறது, ஈரல் வேண்டும் என்றால் தோப்பில் வேலை வந்துவிடுகிறது என்று சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். நர்ஸ்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த எண் ஏறியது, நின்றது, பிறகு ஒரு காலையில் இறங்கியது. டாக்டர் வந்து, "கொச்சி வேண்டா. தற்காலம் வேண்டா" என்றார். கவிதா என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவள் வயிற்றை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன். மஞ்சள் மெல்ல வடிந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். ஓ.பி.யில் நல்ல கூட்டம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்: "தங்கவேலு, கொழிஞ்சாம்பாறை." ஊரில் எத்தனையோ தங்கவேலு. திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையிலிருந்து முகக்கவசம் போட்டு, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருத்தன் எழுந்து வந்தான். முட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அந்த நடை என் அண்ணனுடையது.

"நீ இங்கெங்க வந்த?" என்றேன். அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

"உன்னைச் சேத்த மறுநாக் காத்தாலயே வந்தேன் அம்மிணி" என்றான் அண்ணன். "கவிதா சின்னப்புள்ள, அவளை எதுக்குங்க அறுக்கோணும், என்னை அறுங்கன்னு டாக்டர்கிட்டச் சொன்னேன். ரத்தம் எடுத்தாங்க. உன்ற வியாதிதான் எனக்கும் இருக்குதாமா. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு மாப்ளகிட்ட நாந்தான் கேட்டுக்கிட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டு வருசமா நானும் அந்தக் கசாயத்தைத்தான் அம்மிணி குடிச்சிட்டு இருந்தேன். என்ற ஈரலு நல்லாச் சுத்தமா இருக்கும், அதைக் குடுத்தா நீ பொழச்சுக்குவேன்னு நெனச்சுத்தான் வந்தேன்."

உள்ளே அவனோடு நானும் போனேன். பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது இது, இரண்டு பேருக்கும் அப்படித்தான் வந்திருக்கும் என்றார் டாக்டர். ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அவன் ஈரல் என்னுடையதைவிட மோசமாக இறுகியிருந்தது. மாத்திரை ஆரம்பித்தாயிற்று, பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாம் எனக்கு நன்றாகப் பழகிய வார்த்தை. அந்த எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று இனி அவனுக்கும் பார்ப்போம்.

தினமும் சாயங்காலம் பால் அளந்து முடித்ததும் அவனுக்குப் போன் போடுகிறேன். மாத்திரை விழுங்கினாயா என்று கேட்டுவிட்டு, ஈமு கோழியில் ஆரம்பித்துக் கோட்டுக்காரர் வரைக்கும் மூச்சு விடாமல் திட்டுகிறேன். அவன் "செரி அம்மிணி, செரி அம்மிணி" என்று கேட்டுக்கொள்கிறான். அவன் எனக்குத் தன் ஈரலைத் தர வந்தவன். அவனுக்குத் தர என்னிடம் ஈரல் இல்லை. திட்டு ஒன்றுதான் இருக்கிறது, அதை ஒரு நாளும் குறைக்காமல் கொடுக்கிறேன்.